முதல் பருவம்: உண்மை

மதுஷா மூன்றாம் வகுப்புக்குப் போன பிறகு அந்த வீட்டில் யாராலும் நிம்மதியாக ஒரு பொய் சொல்ல முடியவில்லை. பக்கத்து வீட்டு முத்தம்மா மிக்ஸி இரவல் கேட்டு வந்தபோது, "ரிப்பேருக்குக் குடுத்து..." என்று ரம்யா ஆரம்பிப்பதற்குள், "காலைலதான் அம்மா சட்னி அரைச்சாங்க ஆன்ட்டி" என்று உள்ளேயிருந்து குரல் வந்துவிட்டது. முத்தம்மா சிரித்துக்கொண்டே மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு போனாள். ரம்யாவுக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. ஷிப்ட் முடிந்து வந்த கணவனிடம் சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"இதுக்குத்தானே அங்க சேத்தோம்" என்றான் சந்திரமோகன்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பின்னால் கன்னியாஸ்திரீகள் நடத்தும் தொடக்கப் பள்ளி அது. வருஷத்துக்கு மூன்று பருவம், பருவத்துக்கு ஒரு பண்பு என்று பாடத்திட்டத்திலேயே வைத்திருந்தார்கள். முதல் பருவம் உண்மை, இரண்டாவது நன்றி, மூன்றாவது சேவை. வாசல் சுவரில் மூன்றையும் பெரிதாக எழுதியிருந்தது. வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்காகச் சிற்றாலயத்துக்குப் போவார்கள். மற்றவர்களுக்கு மெர்சி மிஸ் நன்னெறி எடுப்பாள். அவள் சொல்வதெல்லாம் மதுஷாவுக்கு வேதவாக்கு.

ஆகஸ்ட் மாதத்தில் கம்பெனியில் சந்திரமோகனின் வலது கை, தகடு அழுத்தும் பிரஸ் மெஷினில் மாட்டிக்கொண்டது. உள்ளே கை போனால் மெஷின் தானாக நிற்க வேண்டும். வேகமாக உருப்படி விழவேண்டும் என்பதற்காக அதற்கான சென்சாரைக் கழற்றி வைத்திருந்தார்கள். நடுவிரலும் அதற்கு இருபக்கமும் இருந்த விரல்களும் போயின.

அவனை வேலைக்கு எடுத்த காண்ட்ராக்டர் வரதன்தான் தன் காரில் ஏற்றிக்கொண்டு போனான். இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கு இல்லை, அங்கே கம்பெனி விபத்து என்று பதிவாகிவிடும்; ஒரு தனியார் நர்சிங் ஹோமுக்கு. பைக்கில் போய் விழுந்ததாக அங்கே எழுதிக்கொண்டார்கள். அப்புறம் வரதன் ரம்யாவைத் தனியே கூப்பிட்டான்.

"இன்னாமா பண்றது, ஆனது ஆயிப்போச்சு. கம்பெனி பேரு வெளிய வந்தா கேஸு, கோர்ட்டுன்னு அலைஞ்சிக்கினே கெடக்கணும். பைக்ல வுயுந்துட்டான்னு சொல்லிடுங்க. கை ஆறட்டும், கேட்ல செக்யூரிட்டி வேல நான் வாங்கித் தரேன். ஆயுசுக்கும் ஒக்காந்துக்கினு சாப்பிடலாம்."

ரம்யா கதவு வழியாகப் புருஷனைப் பார்த்தாள். கட்டுப்போட்ட கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். சரி என்று தலையாட்டினாள்.

பெரியவர்களுக்கெல்லாம் ஒரே பதிலைச் சொல்லிப் பழகிவிட்டது. மகளை உட்கார வைத்துச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது.

"யார் கேட்டாலும் அப்பா பைக்ல வுயுந்துட்டாருன்னு சொல்லு."

"மெஷின்ல தானம்மா அடிபட்டுச்சு?"

"சொன்னதச் சொல்லுடி."

"மிஸ் கேட்டா?"

"மிஸ் கேட்டாலும்தான்."

மதுஷா எழுந்து போய்ப் பாயை விரித்துப் படுத்துக்கொண்டாள். அன்று சாப்பிடவும் இல்லை.

பருவம் முடியும் சமயத்தில் பள்ளியில் புதிய வகுப்பறைகளைத் திறந்தார்கள். கட்டிக்கொடுத்தது சந்திரமோகன் வேலை பார்த்த கம்பெனிதான். விழாவில் உண்மையைப் பற்றிப் பேச மதுஷாவைத் தேர்ந்தெடுத்திருந்தாள் மெர்சி மிஸ். கடைசி வரிசையில் ரம்யாவும், கையைத் துண்டால் மூடிக்கொண்டு சந்திரமோகனும் உட்கார்ந்திருந்தார்கள்.

பிள்ளை தடங்கல் இல்லாமல் பேசினாள். எந்த இடத்தில் கையை நீட்டவேண்டுமோ அங்கே நீட்டினாள். கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. மேடையில் இருந்த கம்பெனி அதிகாரிக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. மைக்கை அவள் பக்கம் நீட்டினார்.

"வெரி குட். உங்க அப்பா என்ன பண்றார் பாப்பா?"

"உங்க கம்பெனிலதான் சார் இருந்தார். பிரஸ் ஷாப்ல."

"அடடே! இப்போ?"

"கையில அடிபட்டு விரல் போயிடுச்சு சார்."

"ஐயோ பாவம். எப்படிம்மா?"

மதுஷா கூட்டத்துக்குள் அம்மாவைத் தேடினாள். ரம்யா கண்ணாலேயே கெஞ்சினாள். மெர்சி மிஸ் மேடை ஓரத்தில் நின்று கொண்டிருந்தாள். பிள்ளை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மைக்கில் தெளிவாகச் சொன்னாள்.

"பைக்ல விழுந்துட்டார்னு எங்கம்மா சொல்லச் சொன்னாங்க சார்."

முன்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி மைக்கைக் கீழே வைத்துவிட்டு வாட்சைப் பார்த்தார். சந்திரமோகன் எழுந்து வெளியே போனான்.

அன்று சாயங்காலமே வரதன் வந்துவிட்டான். வீட்டுக்குள் வரவில்லை, பைக்கில் உட்கார்ந்தபடியே பேசினான்.

"பொண்ண நல்லா வளத்துகீறீங்கமா. செக்யூரிட்டி வேலய மறந்துடுங்க. கேஸ் போடறதுன்னா போட்டுக்கோங்க. ஆஸ்பத்திரி சீட்லயே பைக்குனுதான் எழுதிகீது. உங்க ஊட்டுக்காரர் அன்னிக்கி டூட்டிக்கு வந்ததுக்கே ரெக்கார்டு கெடையாது."

"கொயந்தண்ணா அது" என்றாள் ரம்யா.

"ஸ்கூல்ல எல்லார் முன்னாடியும் தப்பா சொல்லிட்டேன்னு சொல்லட்டும். அப்புறம் வேணா மேல பேசிப் பாக்கறேன்."

மறுநாள் தலைமை ஆசிரியை சிஸ்டர் பிலோமின் ரம்யாவைக் கூப்பிட்டு அனுப்பினார். குரலை உயர்த்தாமல் பேசுபவர் அவர். காபி வரவழைத்துக் கொடுத்தார்.

"நாங்க பிள்ளைங்களுக்கு உண்மைதான் கத்துக்குடுக்கிறோம். ஆனா எங்கே, எப்போ பேசணும்ங்கிற விவேகம் வீட்ல வரணும் இல்லையா? அந்தக் கம்பெனி தயவுல நூறு ஏழைப் பிள்ளைங்க படிக்குது. நாளைக்கு அசெம்பிளில மதுஷா ரெண்டு வார்த்தை சொல்லிட்டா எல்லாம் சரியாயிடும்."

"அவ சொன்னதுல இன்னா சிஸ்டர் தப்பு?"

சிஸ்டர் காபிக் கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினார். "தப்புன்னு நான் சொல்லலியே" என்றார்.

ரம்யா கோப்பையைத் தள்ளி வைத்தாள். எழுந்து, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் வீட்டில் வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்கும் மனுஷனின் முகம் நினைவுக்கு வந்தது. "சொல்லச் சொல்றேன் சிஸ்டர்" என்றாள்.

அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லிக் கொடுக்கும் வேலை மெர்சி மிஸ்ஸுக்கு வந்தது. வராந்தாவில் ரம்யா காத்திருக்க, உள்ளே மிஸ் ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். பிள்ளை திருப்பிச் சொன்னாள். நடுவில் ஒரு முறை, "இது உண்மையா மிஸ்?" என்று கேட்டாள். மெர்சி மிஸ், "அடுத்த வரி சொல்லும்மா" என்றாள். வெளியே வரும்போது ரம்யாவை நேராகப் பார்க்காமல், "எனக்கும் ஊட்ல ரெண்டு புள்ளைங்கக்கா" என்று முணுமுணுத்துவிட்டுப் போனாள்.

அசெம்பிளியில் மதுஷா பிசகாமல் பேசினாள். "என் அப்பா பைக்கில் போகும்போது விழுந்துதான் அடிபட்டது. நான் புரியாமல் பேசிவிட்டேன். எல்லோரும் என்னை மன்னியுங்கள்." விழாவில் செய்தது போலவே கையையும் நீட்டினாள். சிஸ்டர் முதலில் கைதட்டினார். பள்ளிக்கூடம் முழுவதும் தட்டியது.

வேலை கிடைக்கவில்லை. வரதன் போனை எடுப்பதையே விட்டுவிட்டான். சந்திரமோகன் திருவாலங்காட்டுப் பக்கம் அண்ணன் ராஜமாணிக்கத்தின் நிலத்தில் அறுவடை மெஷினோடு நின்று வேலை செய்யப் போனான். ஒரு கையால் நெல் மூட்டை கட்ட முடியவில்லை என்று அண்ணி சொல்லிக்காட்டிய பிறகு திரும்பி வந்தான். ரம்யா சிப்காட்டில் பேக்கிங் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். இரண்டாம் பருவம் தொடங்கியது.

சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் மகளிடம் கேட்பாள்.

"ஸ்கூல்ல இன்னாடி நடந்துச்சு?"

"நல்லா இருந்துச்சும்மா."

"சாப்ட்டியா?"

"ஃபுல்லா சாப்ட்டேன்."

"யாராவது எதனா சொன்னாங்களா?"

"ஒண்ணும் சொல்லலம்மா." சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். கண்ணைப் பார்த்துச் சொல்வாள். பாட்டிலைக் கழுவி வைத்துவிட்டு வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்துவிடுவாள்.

டிபன் டப்பா காலியாகத்தான் இருக்கும். சோற்றைத் தின்றாளா, குப்பைத்தொட்டியில் கொட்டினாளா, மற்ற பிள்ளைகள் அவளோடு பேசுகிறார்களா இல்லையா என்று ரம்யாவுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. கேட்டால் பதில் மட்டும் உடனே வரும்.