நாவடி எலும்பு

அரைக் கரண்டி கூவைக்கிழங்குக் கஞ்சியைக் கணவர் வாயில் வைத்துவிட்டு, ஐசும்மா இடது கை விரல்கள் நான்கையும் அவர் தாடைக்குக் கீழே வரிசையாகப் பதித்தாள். "முழுங்குங்க," என்றாள். ஜப்பார் கண்களை இறுக்கினார். விரலுக்கடியில் எலும்பு லேசாகத் துடித்தது, மேலே ஏறவில்லை. கஞ்சி கடைவாய் வழியே வழிந்து துண்டில் இறங்கியது. நாற்பது நாளாக இதே கதைதான். நாளைக் காலை பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கேயும் அவர் விழுங்காவிட்டால் மூக்குக் குழாயை எடுத்துவிட்டு வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைப்பார்கள். வைத்தால் ஆயுசுக்கும் அதுதான் என்று யாரும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

வேலந்தாவளம் மாட்டுச் சந்தைக்கு எதிரே ஜப்பாருக்குக் கயிற்றுக் கடை. மூக்கணாங்கயிறும் கழுத்துமணியும் வாங்க வருகிறவர்களை அரைமணி நேரம் பேச்சில் கட்டிப் போட்டுத்தான் அனுப்புவார். 'பாய் கயிறு விக்கறதவிடத் திரிக்கறதுதான் ஜாஸ்தி' என்று சந்தையே சிரிக்கும். அந்த மனுஷனுக்குக் கடையில் உட்கார்ந்திருக்கும்போதே பக்கவாதம் வந்து, வலது கையும் காலும் விழுந்தன. பேச்சும் போயிற்று. அதோடு விட்டதா என்றால், விழுங்குவதும் மறந்துபோயிற்று.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ரிஞ்சு என்கிற மலையாளத்துப் பெண்தான் ஐசும்மாவின் விரலைப் பிடித்து அந்த எலும்பைக் காட்டிக் கொடுத்தது. நாவுக்கு அடியில், லாடம் மாதிரி வளைந்த, சின்ன எலும்பு.

"இது ஒற்றைக்கு நிக்கற எலும்பாக்கும் உம்மா. வேற ஒரு எலும்போடயும் சேராது. மசிலெல்லாம் சேர்ந்து தூக்கிப் பிடிச்சிருக்கு. மேலே இருக்கற மசில் இழுத்தா ஏறும். அப்பதான் மூச்சுக்குழல் அடைஞ்சு சோறு வயித்துக்குப் போகும்."

ஐசும்மாவுக்குப் புரிந்தது. கயிற்றுக் கடைக்காரன் பெண்டாட்டிக்கு இதுகூடவா புரியாது? தாடையிலிருந்து சில கயிறு, நெஞ்செலும்பிலிருந்து சில கயிறு, தோள்பட்டையிலிருந்துகூட ஒன்று வருகிறதாம். நடுவில் அந்தரத்தில் ஓர் எலும்பு. முப்பத்திரண்டு வருஷமாக ஒவ்வொரு ஜும்மாவுக்கும் அந்தக் கழுத்தில் அத்தர் தடவி அனுப்பியவள் அவள். அங்கே இப்படி ஒன்று தொங்குகிறது என்று தெரியாமலே இருந்துவிட்டாள்.

"தண்ணி மட்டும் வேண்டா," என்றும் ரிஞ்சு சொல்லியிருந்தாள். "கொழகொழன்னு இருந்தா எலும்பு ஏறற வரைக்கும் நிக்கும். தண்ணி காத்திருக்காது. நேரா நெஞ்சுக்குள்ள போயிரும்."

அஸர் தொழுகை முடிந்த நேரத்தில், உம்ரா போய்த் திரும்பியிருந்த ஜப்பாரின் அக்கா ஹாஜரா பொள்ளாச்சி பஸ்ஸில் வந்து இறங்கினாள். வழியெல்லாம் வெயிலில் வேர்த்துப் போயிருந்தாலும், மக்காவிலிருந்து கொண்டுவந்த ஜம்ஜம் தண்ணீர் பாட்டிலை நெஞ்சோடு அணைத்திருந்தாள்.

"நாளைக்கு வயித்துல ஓட்டை போடப் போறாங்க. அதுக்கு முந்தி இது ஒரு மொடக்கு அவன் தொண்டையில எறங்கட்டும், ஐசும்மா."

"தண்ணி குடுக்கக் கூடாதுங்க அக்கா."

"இது தண்ணியா? எத்தனை பேரு நோவு தீர்ந்திருக்குது, உனக்குத் தெரியாதா?"

தெரியும். அவள் என்ன, நம்பாதவளா? ஆனால் புனிதத் தண்ணீர் மட்டும் காத்திருக்குமா என்று கேட்க நாக்கு வரை வந்துவிட்டது. அஸ்தஃபிருல்லா என்று விழுங்கிக்கொண்டாள். விழுங்குவது தனக்கு எவ்வளவு எளிதாக இருக்கிறது என்று நினைத்ததும் அழுகை முட்டியது.

பாட்டிலை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். ஜம்ஜத்தில் கூவைப் பொடியைக் கரைத்து, பிஸ்மில்லா சொல்லி அடுப்பில் ஏற்றினாள். இப்படிச் செய்யலாமா என்று யாரிடம் கேட்பது? கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். கிளறக் கிளற அது கண்ணாடி போலக் கெட்டியாயிற்று.

"அடிப்பாவி, ஜம்ஜத்த அடுப்புல வெச்சுட்டியே!" வாசற்படியில் ஹாஜரா நின்றிருந்தாள்.

"பாவம்னா என்னையச் சேரட்டுமுங்க அக்கா. எனக்கு இந்த மனுசன் வேணும்."

ஹாஜரா உள்ளறைக்குத் திரும்பினாள். கஞ்சி ஆறும் வரை கட்டிலோரம் உட்கார்ந்து தம்பியின் காலைப் பிடித்துவிட்டாள்.

ஐசும்மா அவரை நிமிர்த்தி உட்கார வைத்து, அரைக் கரண்டி கொடுத்தாள். விரல்களைப் பதித்தாள். எலும்பு அசைந்தது. பாதி ஏறியது. ஏறிய இடத்திலேயே நடுங்கி நின்று, சறுக்கிக் கீழே வந்துவிட்டது. ஈரத்துணி சுற்றிய விரலால் வாயில் தேங்கியிருந்ததை வழித்து எடுத்தபோது ஹாஜரா முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டாள். ஜப்பாரின் கண்ணிலும் தண்ணீர் நின்றது. ஐசும்மாவுக்கு வந்தது கோபம். அவர்மேலும், அந்தத் துக்கிணி எலும்பின் மேலும், நாளை விடியப்போகும் பொழுதின் மேலும் கோபம்.

அவருடைய நல்ல கையை, இடது கையை, வெடுக்கென்று எடுத்துத் தன் தாடைக்கடியில் வைத்தாள்.

"இப்புடித்தானுங்க. பாருங்க."

ஒரு கரண்டி எடுத்துத் தன் வாயில் போட்டு விழுங்கினாள். கயிறு விற்றுக் காய்த்துப் போன அந்த விரல்களின் கீழே அவளுடைய எலும்பு ஏறி இறங்கியது. ஜப்பாரின் புருவம் உயர்ந்தது. இன்னொரு கரண்டி. அவர் விரலை எடுக்கவில்லை, அழுத்திப் பார்த்தார். மூன்றாவது கரண்டிக்கு அவள் விழுங்குமுன்பே அவர் தாடை அசைந்தது.

கிண்ணத்தில் கடைசி அரைக் கரண்டிதான் மிச்சம். அதை எடுத்துத் தன் வாயருகே கொண்டுபோனாள். அவள் தொண்டையிலிருந்து கையை எடுக்காமல், ஜப்பார் வாயைத் திறந்தார்.