ஏரிப் பக்கம் திரும்பினாள் எல்லே

1.

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. ஊர்க் கடையின் காப்பி மேசையில், எல்லோர் காதிலும் விழும்படி பீரா* கேட்டான்:

"என்ன அண்ணே, உங்க எல்லே நரிய காட்டிக் குடுத்துட்டாளாமே? வந்தவங்க மூஞ்சியெல்லாம் அப்படி மலந்து கெடந்துச்சே."

எல்லே என் தங்கை மகள். இங்குள்ள வனவிலங்குக் காப்பகத்துக்கு நடக்க வருகிறவர்களுக்கு வழிகாட்டி. பனிநரி குட்டி போடும் வளை எங்கே என்பது எங்கள் குடும்பத்துக்கு மட்டும்தான் தெரியும். ஆள் நடமாட்டம் கண்டால் தாய் குட்டிகளை விட்டுவிட்டுப் போய்விடக்கூடும். வெளியே சொல்வதில்லை என்பது என் தகப்பனார் கொடுத்த வாக்கு.

காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுத வந்துவிட்டேன்.

(* பெயரை மாற்றவில்லை. மாற்றும் அளவுக்கு அவன் மரியாதையாகப் பேசவில்லை.)

2.

முதல் தொடக்கம்: "வளை இருக்கும் மேட்டில் மட்டும் புல்—"

கூடாது. தொலைநோக்கி வைத்திருப்பவனுக்கு அந்த ஒரு வரி போதும்.

இரண்டாவது: "பிர்ச் மரங்கள் முடிந்ததும், இடது கை—"

இதுவும் கூடாது. உட்கார முடியவில்லை. எழுந்து ஜன்னலுக்கும் அடுப்புக்கும் நடந்துவிட்டு வருகிறேன்.

3.

நடந்ததை மட்டும் எழுதுகிறேன். தெற்கிலிருந்து வந்த கணவன் மனைவியை எல்லே கூட்டிப்போனாள். பல வருடமாக வந்தும் நரியைப் பார்க்காதவர்கள். நான் தள்ளிப் பின்னால் போனேன். (ஏன்? முழங்காலுக்கு நடை நல்லது.) ஓடை பிரியும் இடத்தில் நின்றார்கள்.

"தூரத்துலேர்ந்து ஒரே ஒரு தடவ. யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்," என்றாள் அந்தப் பெண்.

"எல்லாரும் அப்படித்தாங்க சொல்றாங்க," என்று எல்லே சிரித்தாள்.

அங்கிருந்து இரண்டே வழி: ஒன்று ஏரிக்கு, ஒன்று பள்ளத்தாக்குக்கு. எல்லே ஏரிப் பக்கம் திரும்பினாள். சாயங்காலம் அதே வழியாக இறங்கி வந்ததை ஊரே பார்த்தது.

அது வளைக்குப் போகும் வழியா, வளையை விட்டு விலகும் வழியா? எனக்குத் தெரியும்.

4.

எல்லே இதுவரை படித்தாள்.

"வளைக்குப் போகலன்னு ஒரு வரி சேருங்க மாமா. பீரா வாய் அடைஞ்சிடும்."

"போகலன்னு எழுதினா, வளை பள்ளத்தாக்குலன்னு ஆயிடும்."

"போனேன்னு எழுதினா?"

"ஏரிக்கிட்டன்னு ஆயிடும்."

அவள் தாள்களை மடியில் தட்டி அடுக்கினாள்.

"அப்போ என் பேரு?"

நான் அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினேன்.

"பீரா ஒரு நாள் பேசிட்டுப் போயிருப்பான். நீங்க எழுதி வச்சு என்னைய நிரந்தரமா சந்தேகத்துல நிறுத்திட்டீங்க மாமா," என்றாள். பிறகு, "சரி, அந்த வரி வேணாம். குட்டிங்க இன்னும் சின்னதா இருக்கு," என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

5.

ஆகவே முடிவு இல்லை. அவள் வாக்கைக் காத்தாளா, விற்றாளா என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். தப்பாக நினைப்பதானால் அப்படியே நினையுங்கள். மறுத்து எழுத மாட்டேன். எங்கள் குடும்பத்துப் பெயரை இதுவரை யார் கையிலும் நான் கொடுத்ததில்லை; இது முதல் தடவை.