ஒரிஜினல் அறை

கடைக்காரருக்கு ஊர் வைத்த பெயர் ‘ஒரிஜினல்’. லாரி, பஸ் உதிரி பாகங்கள் விற்பவர். ஒரு பேரிங்கைக் கையில் எடுத்து இரண்டு சுற்றுச் சுற்றியதுமே, “இது பொறக்கும்போதே டூப்ளிகேட்” என்று சொல்லிவிடுவார். ‘அசல் தவிர வேறு விற்பதில்லை’ என்று கல்லாவுக்கு மேலே ஒரு பலகை தொங்கும். அந்தப் பலகை மட்டும் மரம் மாதிரித் தெரிகிற பிளாஸ்டிக்.

அவருடைய சகலை, அதாவது மனைவியின் தங்கை புருஷன், பல் டாக்டர். போன கோடையில் குடும்பத்தோடு வெளிநாடு போய்ப் பனியில் சறுக்கி விளையாடிவிட்டு வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க எல்லாரையும் டி.வி. முன்னால் உட்கார வைத்து, அந்தப் பனியை உருகாமல் காட்டினார். வீடு திரும்பும் வழியில் கடைக்காரரின் மனைவி கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“என் தங்கச்சி ஒரு தடவையாவது பேச்சு மூச்சில்லாம வாயைப் பொளந்து நிக்கணும். அதை நான் கண்ணால பாக்கணும். நகை நட்டு எதுவும் வேணாம்.”

அதற்காகத்தான் இந்தக் கோடையில் தீவுப் பயணம். சகலை குடும்பத்தையும் கடைக்காரரே அழைத்திருந்தார். தீவில் வெள்ளைக்கார கவர்னர் வாழ்ந்த மாளிகை இப்போது ஓட்டல். சுற்றிலும் அலையாத்திக் காடு, பறவைகள். ஓட்டலின் இணையதளத்தில் இரண்டு வகை அறைகள் இருந்தன. ஒன்று, ‘கவர்னர் மாளிகை: தீ விபத்துக்குப் பின் பழைய படத்தைப் பார்த்துக் கட்டப்பட்ட நகல்.’ இன்னொன்று, ‘அசல் அறைகள்: அன்று இருந்தபடியே.’

நகல் என்ற சொல்லைப் பார்த்ததும் கடைக்காரருக்குச் சிரிப்பு வந்தது. அதைச் சகலைக்குப் போட்டார். அசலைத் தன் குடும்பத்துக்கு எடுத்துக்கொண்டார். அதற்குக் கீழே இருந்த வரிகளைப் படிக்கவில்லை. அசல் என்று எழுதிய பிறகு படிக்க என்ன இருக்கிறது?

படகிலிருந்து இறங்கியதும் தங்கப் பொத்தான் வைத்த கோட்டில் மேலாளர் வணங்கினார். சகலை குடும்பம் சிவப்புக் கம்பளத்தில் மாடி ஏறியது. கடைக்காரர் குடும்பத்தைச் சமையல்கட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் கூட்டிப் போனார்கள். தலையில் இடிக்கும் கூரை, கயிற்றுக் கட்டில்கள், சட்டை மாட்ட ஒரு கொக்கி.

“கவர்னரோட வேலைக்காரங்க இருந்த இடம் சார். ஒரு செங்கல்கூட மாத்தல” என்றார் மேலாளர் பெருமையோடு.

“ஏ.சி.?”

“அப்ப இல்லைங்களே.”

“இங்க யாரெல்லாம் இருந்தாங்க அங்கிள்?” என்று கேட்டாள் மகள்.

“பேரெல்லாம் தெரியலம்மா. கவர்னரோட நாலு நாய் பேரும் தெரியும். சமாதி கட்டியிருக்கோம், நாளைக்குக் காட்டறோம்.”

அவர் போன பிறகு மனைவி கட்டிலில் உட்கார்ந்தாள். கட்டில் முனகியது. “என் தங்கச்சிக்குத் தெரிஞ்சா சொந்தக்காரங்க எல்லாருக்கும் போன் போயிடும்.”

“தெரிஞ்சேதான் எடுத்தேன்னு சொல்லிடு.”

“யாரு நம்புவா?”

“முதல்ல நீ நம்பு.”

மதியம் வனநடை. ‘இயற்கைக்குத் தொந்தரவு தராதீர்கள்’ என்ற பலகைக்குப் பக்கத்தில் கடைக்காரர் கையில் தகர டப்பாவையும் குச்சியையும் கொடுத்தார்கள். அசல் அறையோடு வேலைக்காரர் அனுபவமும் சேர்த்தியாம்; அவர் படிக்காமல் விட்ட வரிகளில் இருந்தது. அந்தக் காலத்தில் வேலைக்காரர்கள் புதரைத் தட்டிப் பறவைகளைக் கிளப்ப, கவர்னர் மேடையிலிருந்து சுடுவாராம். இப்போது மேடையில் சகலை, கேமராவோடு.

“அத்தான், இன்னும் கொஞ்சம் இடது பக்கம் தட்டுங்க. இவருக்கு வால்தான் கிடைச்சுது” என்று மேலேயிருந்து தங்கை கத்தினாள்.

“என்ன சகலை, ஒரிஜினல் எப்படி இருக்கு?” என்றார் டாக்டர்.

“ஒரு போல்ட் மாத்தல. உங்களுதுதான் மேல்பூச்சு. நீங்க வாயில மாட்டி விடற பல்லு மாதிரி.”

“பூச்சுல ஷவர் இருக்கு சகலை.”

முழங்கால் சேற்றில் நின்ற மகளின் தலைக்கு மேலாகவே ஒரு மீன்கொத்தி நண்டோடு பறந்து போனது. மேடையில் இருந்தவர்களுக்கு அதன் வால்கூடக் கிடைக்கவில்லை. கடைக்காரருக்கு அது கொஞ்சம் ஆறுதல்.

சாயங்கால விருந்தில் அந்த ஆறுதலும் போனது. தலைப்பாகை கட்டிவிட்டு, அவரைக் கூடத்தின் பின் தாழ்வாரத்தில் உட்கார வைத்தார்கள். சுவர்த் துளை வழியாக ஒரு கயிறு வந்தது. அதை இழுத்தால் உள்ளே உத்தரத்தில் தொங்கும் பங்கா ஆடி, சாப்பிடுகிறவர்களுக்குக் காற்று வரும். கூடத்தில் தீக்குத் தப்பியது இந்த ஒரு சுவர்தானாம். துளையின் கல்லில் விரல் ஆழத்துக்குக் கயிறு அறுத்த தடம். கடைக்காரர் தடவிப் பார்த்தார்.

“இது எத்தனை பேர் கை ஓட்டின ஓட்டமோ” என்றார் பக்கத்தில் நின்ற மனைவியிடம். “இந்தத் தேய்மானத்தை எந்தக் கம்பெனியும் போலியா பண்ண முடியாது.”

துளையில் கண்ணை வைத்து மேலே பார்த்தவர் கயிற்றை விட்டுவிட்டார். பங்காவின் கனத்த மரச்சட்டம் ஒரே கொக்கியில் தொங்கியது. துரு மாதிரி பெயின்ட் அடித்த புதுக் கொக்கி. கழுத்தில் பற்றவைத்த இடத்தில் கீறல். நேர் கீழே, கவர்னர் தொப்பி போட்டுக்கொண்டு சகலை.

மேலாளரைக் கூப்பிட்டார். “மேல இருக்கிறது டூப்ளிகேட் கொக்கி. தாங்காது.”

“இழுக்கறவங்க பேசக் கூடாதுங்க. அனுபவம் கெட்டுப்போயிடும்.”

“அக்கா, காத்து நின்னுபோச்சு. அத்தானை வேகமா இழுக்கச் சொல்லு” என்று உள்ளேயிருந்து தங்கையின் குரல்.

துளையில் வாயை வைத்தார் கடைக்காரர். “சகலை, எந்திரிங்க. கொக்கி டூப்ளிகேட்.”

உள்ளே சிரிப்பு. “பொறாமைன்னா இப்படியா சகலை?”

“ஒண்ணும் ஆகாது, பாருங்க” என்று மேலாளர் கயிற்றைத் தானே பிடித்து ஓங்கி இழுத்தார். மேலே கிரீச்சென்றது.

இந்தக் கோலத்தில் விருந்துக்கூடத்துக்குள் போனால் ஆயுசுக்கும் ‘பங்கா அத்தான்’ என்றுதான் சொல்வார்கள். அது தெரிந்தும் கடைக்காரர் தலைப்பாகையோடு, வெறுங்காலோடு உள்ளே ஓடினார். சகலையை நாற்காலியோடு சேர்த்து இழுத்தார். இருவரும் தரையில் உருண்ட அதே நேரம், பங்கா மேஜை மேல் விழுந்தது. சூப் கூரை வரை போய்த் திரும்பியது. கவர்னர் தொப்பி சட்டத்துக்கு அடியில் அப்பளமாகக் கிடந்தது.

தங்கை எழுந்து நின்றாள். பேச்சு மூச்சு இல்லை. வாய் மட்டும் திறந்திருந்தது.

சுவர்த் துளையில் மனைவியின் ஒற்றைக் கண் தெரிந்தது. “பாத்துட்டேங்க” என்றாள் அங்கிருந்தே.

மாளிகை முழுக்க அதே கொக்கிகள் என்று தெரிந்ததும் மாடியைப் பூட்டினார்கள். சகலை குடும்பம் பெட்டியோடு பின்பக்கம் வந்து சேர்ந்தது. டாக்டர் குனிந்து நுழைந்து, கூரையை ஒரு பல்லைப் போலத் தட்டிப் பார்த்தார்.

“இது தாங்குமா சகலை?”

“ஒரிஜினல். நம்பிப் படுங்க.”

டாக்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். விடுவதாக இல்லை.

தங்கைக்குப் பேச்சு திரும்பக் கொஞ்ச நேரம் ஆனது. “அக்கா, இங்க காத்தே இல்லையே. யாராவது...”

மனைவி ஓட்டலின் விளம்பரத் தாளை நாலாக மடித்து அவள் கையில் கொடுத்தாள். “நீயே வீசிக்கோ. அசல் அனுபவம்.”