கேளாத பங்கு

முகடுகளெல்லாம் உருக்கி வார்த்த வெள்ளிபோல் பனி போர்த்து நிற்க, மேற்கே சாய்ந்த கதிரவன் அப்பனியின்மேல் செம்பொன் ஒளியைச் சிந்த, ஒளி எட்டாத பள்ளங்களில் நீலம் மெல்ல ஊறிப் பரவ, உறைந்த ஆற்றின் அடியில் முனகும் நீரொலியன்றி வேறோர் ஒலியும் எழாமல், தியான் ஷான் மலைத்தொடர் முழுவதும் மூச்சை அடக்கி எதையோ எதிர்நோக்கியிருந்த பின்பனிக் காலத்து மாலை அது. கற்றறிந்த வாசகரே, அத்துணைப் பெரிய மலையில் அசைந்தவை சரிவில் இறங்கிய இரண்டு குதிரைகளும், அவற்றின்மேல் குறுகி அமர்ந்திருந்த இரண்டு மனிதருமே.

முன்னே சென்றவன் எசென்குல். அவன் சேணத்தின் பின்னே கட்டப்பட்டிருந்த வரையாட்டின் வளைந்த கொம்புகள் குதிரையின் விலாவை உரசி உரசி வந்தன. பனியைக் கிளறிக் காய்ந்த புல்லைத் தின்று இளைத்த ஆடுதான். ஆயினும் பல நாள் அலைச்சலுக்குப் பின் மலை தந்த ஒரே ஆடு. அவனுடைய கூடாரத்தில் மனைவி பூருல் தலைப்பிள்ளையைப் பெற்றுக் கிடந்தாள். மார்பில் பால் ஊறவில்லை. கறிச்சாறு உள்ளே போனாலன்றி ஊறாது என்று சொல்லிப் பேறு பார்த்தவள் கைவிரித்திருந்தாள்.

பின்னே வந்த மாம்பெத் பூருலின் தம்பி. நாவை அடக்கத் தெரியாதவன்.

"மாமா, நாம ஆட்டைக் கொண்டு போறோமா, ரெண்டு கொம்பை மட்டும் கொண்டு போறோமா? நடுவுல ஒண்ணுமே தெரியலையே."

"உங்க அக்காவுக்குச் சாறு வைக்க அது போதும். பேசாம வா, மாப்ள."

வளைவைத் தாண்டியதும் இருவரும் குதிரைகளை நிறுத்தினர். கீழே ஆற்றுத்துறையில், முதுகில் விறகுக் கட்டுடன், காலைத் தேய்த்துத் தேய்த்து ஒருவன் வந்துகொண்டிருந்தான்.

"கோய்லுபாய்," என்றான் மாம்பெத். "குதிரையெல்லாம் பனியில செத்துப்போச்சாம். வீட்டுல பிள்ளைங்க தோலை வேகவச்சுத் தின்னுதுங்களாம். மாமா, அவன் வாயைத் திறந்தான்னா நம்ம கதை முடிஞ்சது."

முடிந்ததுதான். வேட்டையிலிருந்து திரும்புகிறவனை வழியில் எதிர்கொள்கிறவன் 'ஷிரால்கா' என்று சொல்லிவிட்டால், அவன் சுட்டுகிற பகுதியை அறுத்துக் கொடுத்தாக வேண்டும். சொல்லாதவனுக்குத் தானே முந்திக் கொடுப்பதோ, அவனை இரவலனாக்கி முகத்தில் அறைவதற்கு ஒப்பாகும்.

"போன இலையுதிர் காலத்துல அவன் என்ன பண்ணினான்? நீங்க துறையில நிக்கிறதைப் பாத்துட்டு, கொழுத்த ஆட்டோட அந்தப் பாறை இடுக்குல நழுவிப் போகலையா? இன்னிக்கு நாம நழுவுவோம். கணக்கு நேராயிடும்."

எசென்குல் குதிரையைப் பாறை இடுக்கின்பால் திருப்பினான். பிறந்த மகளின் வறண்ட அழுகை அவன் செவியில் இருந்தது. இடுக்கினுள் நுழைந்து தலை நிமிர்ந்தவன் அப்படியே உறைந்தான்.

மேலே, செங்குத்தான பாறைகளின்மேல், வரையாட்டுக் கூட்டம் ஒன்று நின்றிருந்தது. மாலைச் செவ்வொளி கொம்புகளில் தீப்போல் எரிய, ஒன்றும் ஓடாமல், ஒன்றும் அசையாமல், தம்முள் ஒன்றைச் சுமந்து செல்லும் அவனை அவை நோக்கிக்கொண்டிருந்தன. காட்டு விலங்குகளைக் காக்கும் கய்பெரென் அவற்றின் கண்களால் பார்ப்பதாக வேட்டைக்காரர் சொல்வார்கள். அப்பார்வையில் சினம் இல்லை, கேள்வியும் இல்லை. தந்த மலை, தந்தது எங்கே போகிறது என்று காண நின்றது; அவ்வளவுதான். எசென்குல் தொப்பியைக் கழற்றிச் சற்றுநேரம் வெறுந்தலையோடு இருந்தான். பின் குதிரையைத் துறைக்கே திருப்பினான்.

"மாமா, அக்காவை நினைச்சுப் பாருங்க," என்றான் மாம்பெத். இம்முறை அவன் குரலில் கேலி இல்லை.

"அவளைத்தான் நினைக்கிறேன்."

துறையில் எதிர்ப்பட்ட கோய்லுபாய் ஆட்டைப் பார்த்தான். பார்த்த கண்ணை விரைந்து விலக்கினான்.

"பூருலுக்குப் பிள்ளை பிறந்துச்சாமே."

"பொண்ணு."

"நல்லா இருக்கட்டும். கீழ பாதை வழுக்குது, பாத்துப் போங்க."

அவ்வளவே. சொல்ல வேண்டிய சொல் தொண்டைவரை வந்து, பழைய நாணத்தில் இடறித் திரும்புவதை எசென்குல் கண்டான். கோய்லுபாய் பாதையைவிட்டு ஒதுங்கிப் பனியில் முழங்காலளவு புதைந்து வழிவிட்டான். கேளாதவனுக்குக் கொடுக்க வேண்டிய கடன் ஏதும் இல்லை. முழு ஆட்டோடு போய்விடலாம். ஆனால் எசென்குல் இறங்கினான்.

"கோய்லுபாய், ஷிரால்கா."

"என்கிட்ட என்னப்பா வேட்டை இருக்கு?"

"அன்னிக்கு இங்க சொல்லணும்னு நின்னேன். நீ அந்தப் பக்கமாப் போயிட்ட. இப்ப நானும் அந்தப் பக்கம் குதிரையைத் திருப்பினவன்தான். அன்னிக்குச் சொல்லாததை இன்னிக்குச் சொல்றேன். முதுகுல இருக்கிறதுல என் பங்கைக் குடு."

கோய்லுபாயின் குளிர்ந்த முகத்தில் குருதி ஏறிற்று. கட்டை இறக்கி, முடிச்சை அவிழ்த்து, ஆர்ச்சா மரக் கிளைகளில் காய் செறிந்து மணம் மிகுந்தவற்றையே தேர்ந்து எசென்குலின் கைகளில் அடுக்கினான். "பிள்ளைக்குப் புகை போட ஆகும்," என்றான். பிறகு, கொடுத்தவனுக்கே உரிய நிமிர்வோடு, தாழ்ந்த குரலில் அச்சொல்லைச் சொன்னான்.

"ஷிரால்கா."

"எதைக் கேக்கிற?"

"கழுத்து போதும்."

மாம்பெத் குதிரையிலிருந்து குதித்தான். கத்தியை உருவிப் பின்தொடையை அறுத்தெடுத்து, கோய்லுபாயின் தோளில் சார்த்தினான்.

"கழுத்துல எலும்புதான் இருக்கு. உன் விறகு மட்டும் எரியலைன்னு வையி, காலைத் திரும்ப வாங்கிட்டுப் போவேன்."

விறகு எரிந்தது. அன்று கூடாரத்தில் ஆர்ச்சாப் புகையை எசென்குல் மகளின் தொட்டிலைச் சுற்றிக் காட்ட, சட்டியில் சாறு கொதித்தது.

"ஆட்டுக்கு ஒரு காலைக் காணோமே," என்றாள் பூருல்.

"ஆத்தங்கரையில ஒருத்தரைப் பாத்துச்சுக்கா, கூடவே நடந்து போயிடுச்சு."

மறுநாட் புலரியில் மகளின் தொண்டையில் பால் இறங்கும் சிற்றொலி கேட்டது. மாம்பெத்தும் வாய் திறவாமல் இருந்தான். கூரை வளையத்தின் வழியே எஞ்சிய புகை ஏறி, முகட்டை நோக்கி நெடிதுயர்ந்து சென்றது. ஆற்றின் அக்கரையிலும் ஒரு புகை எழுந்து அதனோடு கலந்தது. எது எந்த வீட்டுப் புகையென்று அறியவொண்ணாத அந்த உயரத்தில், மலை இரண்டையும் ஒன்றாகவே ஏற்றுக்கொண்டது.