நான்கு போன், ஒரே டவர்

அப்பாவின் இதய ஸ்கேன் ஒன்றேமுக்கால் ஜிபி. நான்கு மணிக்குள் போய்ச் சேர்ந்தால் வெளியூர்ப் பெரிய ஆஸ்பத்திரி சர்ஜன் பார்ப்பார். அதன்பின் பத்து நாள் அவர் ஊரில் இல்லை. பத்து நாள் தாங்காது என்று வார்டு டாக்டர் சொல்லிவிட்டார்.

தெருவைத் தோண்டியவர்கள் காலையிலேயே எங்கள் இன்டர்நெட் கேபிளை வெட்டியிருந்தார்கள். என் போன் வழியாக அனுப்பினேன். நான்கு மணி நேரம் ஆகும் என்று காட்டியது. அப்போது மணி இரண்டு பத்து.

பல இணைப்புகளை ஒன்றாகச் சேர்க்கும் மென்பொருளை லேப்டாப்பில் ஏற்றினேன். அது கோப்பைத் துண்டு துண்டாக்கி எல்லா வழியிலும் அனுப்பும். என் போன், அம்மா போன், அண்ணன் போன், வீட்டிலேயே கிடந்த அப்பா போன். நான்கையும் மாட்டினேன்.

"நாலு மடங்கு வேகமா போகுமா?" என்றான் அண்ணன்.

"போகணும்."

கால் மணி நேரம் கழித்துப் பார்த்தேன். மூன்றேமுக்கால் மணி நேரம். கடிகாரம் குறைத்தது மட்டும்தான் குறைந்திருந்தது.

"பட்டப்படிப்பு வேற படிச்சிருக்கே!" என்றான் அண்ணன்.

பிறகுதான் உறைத்தது. வீட்டுக்குள் பேச வசதி என்று அப்பா எல்லோருக்கும் ஒரே கம்பெனி சிம் வாங்கித் தந்திருந்தார். நான்கும் தெருமுனையில் நிற்கும் ஒரே டவரில் தொங்கின. ஒரு குழாயின் கீழ் நான்கு குடம் வைத்தால் தண்ணீர் நான்கு மடங்காகாது. இயற்பியல் படித்தவளுக்கு இது முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

"வேற கம்பெனி சிம் யாரும்மா வச்சிருக்கா?"

அம்மா சுவரைப் பார்த்தபடி சொன்னாள். "உங்க அத்தை. நம்பர் எங்கிட்ட இல்ல."

இரண்டு தெரு தள்ளித் தையல் கடை வைத்திருக்கும் அப்பாவின் தங்கை. மூன்று வருடமாகப் பேச்சு இல்லை. 'நம்பரையே மாத்திட்டா, இனி உறவு எதுக்கு' என்று அப்பா முடித்துவிட்டிருந்தார்.

அப்பாவின் போனில் தேடினேன். அப்பா தங்கையைக் கூப்பிடும் 'பாப்பா' என்ற பெயரிலேயே அத்தையின் புது நம்பர் இருந்தது. அதிலிருந்தே அழைத்தேன். ஒரு மணி அடித்து முடிவதற்குள் எடுத்துவிட்டார்.

"அண்ணே?"

யாரிடமும் எதுவும் கேட்டுப் பழக்கமில்லை எனக்கு. "அத்தை, உங்க போன் வேணும்" என்றேன். மற்றதையெல்லாம் அழுதுகொண்டே சொன்னேன்.

கழுத்தில் அளவு டேப்போடு வந்தார். "உங்கப்பனுக்கு என் பேச்சு ஆகாது, என் நம்பர் ஆகாது. நெட் மட்டும் ஆகுமாக்கும்?" சொல்லும்போதே போனை உறையிலிருந்து உருவினார். "எதுல சொருகணும்?"

அத்தையின் கம்பெனி டவரில் நெரிசல் இல்லை; ஐம்பது நிமிடம் என்று மாறியது. மணி மூன்று ஐந்து.

தொண்ணூற்றாறு சதவீதத்தில் அத்தையின் போன் அடித்தது. திரையில் நகர்ந்துகொண்டிருந்த கோடு அப்படியே நின்றது. யாரோ வாடிக்கையாளர். அத்தை வெட்டிவிட்டார். "துணி எங்கயும் ஓடிடாது."

கோடு மறுபடி நகரச் சற்று நேரமானது.

மூன்று ஐம்பத்தேழுக்கு முடிந்தது. சர்ஜனின் உதவியாளரிடமிருந்து பதில் வந்தது: 'கிடைத்தது. பார்க்கிறார்.'

அண்ணன் ஒயரைக் கழற்றப் போனான்.

"தொடாதே" என்றார் அத்தை. "இன்னும் ஏதாவது கேப்பாங்க."

சூடேறிக் கிடந்த ஐந்து போன்களுக்குப் பக்கத்தில், தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.