போன வருஷத்துக் கடை

"அப்பா இன்னிக்கு நீலச் சட்டை போட்டுண்டு வந்திருக்காரே, யாருடி இஸ்திரி போட்டா?"

அம்மா சுப்புலக்ஷ்மி இப்படிக் கேட்டதும் பிரபா அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள். அப்பா வெங்கடநாராயணன் போய் ஒன்பது மாதம் ஆகியிருந்தது. அம்மாவின் மடியில் இருந்த டேப்லெட்டில் அவர் கல்கத்தா லேக் மார்க்கெட்டில் இருக்கும் தங்கள் மளிகைக் கடையின் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

பேய் ஒன்றும் இல்லை. பிரபா செய்த பிழைதான்.

முழங்கால் வலியால் பாலிகஞ்ச் வீட்டை விட்டு இறங்க முடியாத அம்மா, உட்கார்ந்த இடத்திலிருந்தே கடையைப் பார்க்கட்டும் என்று அண்ணன் ஜெயந்த் ஆசைப்பட்டான். கடைக் கேமரா எடுப்பதெல்லாம் நாளுக்கொரு கோப்பாகக் கிளவுடில் போய்ச் சேரும். அதை எடுத்துக் காட்ட ஒரு வலைப்பக்கம் வேண்டும். ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவள், வாசல் மணி அடித்தால் உள்ளறைக்குள் ஒளிகிறவள், அந்தப் பிரபாதான் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து அதைச் செய்து முடித்தாள். கணக்குகள் இரண்டு இருந்தன. அப்பா பெயரில் பழையது, அவர் போனபின் ஜெயந்த் பெயரில் திறந்த புதியது. இரண்டையும் இணைத்தாள். அப்பாவின் செல்லுக்கு வந்த ஓடிபியைப் பார்த்துப் போட்டபோது அவரிடமே அனுமதி கேட்பதுபோல இருந்தது. இன்றைய தேதியும் மாதமும் உள்ள கோப்பைத் தேடு என்று எழுதியவள், வருஷத்தை எழுத மறந்தாள். பக்கம் முதலில் அப்பாவின் கணக்கில் போய்த் தேடியது. அங்கே போன வருஷத்து அதே நாள் இருந்தது. இங்கே மணி எட்டடித்தால் அங்கேயும் எட்டு.

பிழை எதுவென்று அன்று மத்தியானமே அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் மறுநாள் காலை அம்மா குளித்து, தலை வாரி, டேப்லெட்டின் முன் உட்கார்ந்திருந்தாள். ஒன்பது மாதமாகச் சீப்பே படாத தலை. பிரபா எதையும் மாற்றவில்லை. ஜெயந்திடம் மூச்சு விடக்கூடாது என்று அம்மாவும் சொல்லிவிட்டாள்.

அதன்பிறகு வீட்டில் தினமும் அப்பா இருந்தார், சத்தமில்லாமல். மண்குவளையில் டீ குடித்தார். பெங்காலி மாமிகளுக்கு அப்பளக் கட்டை எடுத்துக் கொடுத்தார். அம்மா அவரோடு பேசிக்கொண்டே கீரை ஆய்ந்தாள். உடம்பு இளைச்சுப்போச்சு என்பாள், அந்த மனுஷனுக்கு ஏன் கடன் கொடுக்கறேள் என்பாள். சில சமயம் அப்பா தலை நிமிர்ந்து கேமராவை நேராகப் பார்ப்பார். அப்போதெல்லாம் பிரபா அவர் கண்ணில் படாமல் கதவோரம் ஒதுங்கிக்கொள்வாள். உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான் ஒதுங்குவாள்.

அவளை அரித்தது ஒன்றுதான். அப்பா கடையிலேயே, அந்தக் கேமராவுக்கு எதிரில்தான் விழுந்தார். அந்த நாளும் அவர் கணக்கில் ஒரு கோப்பாக இருக்கிறது. அம்மா அதைப் பார்த்துவிடக் கூடாது. முதல் வருஷத் திவசத்துக்கு முன்னால் சரிசெய்துவிடலாம் என்று தள்ளிப்போட்டாள். வீட்டில் மாசாமாசம் எல்லாம் திதிக்கணக்கில்தான் நடந்தது. ஆவணி பிறந்த கையோடு போனவருக்கு இந்த வருஷம் திதி ஆவணிக் கடைசியில் வந்தது. நாள் நிறைய இருக்கிறது என்றே இருந்தாள். இதற்கிடையில் ஜெயந்த் அப்பாவின் செல் நம்பரை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டான். இனி அந்தக் கணக்கை ஒருமுறை விட்டால் ஓடிபி வராது, மறுபடி பிடிக்க வழியில்லை.

அன்று காலை நல்ல வெயில். மொட்டைமாடிக் கொடியில் துணி உலர்த்திவிட்டு வந்தவள், தற்செயலாக டேப்லெட்டைப் பார்த்தாள். கடைப் படிக்கட்டில் தண்ணீர் நின்றது. ரோட்டில் ஒரு ரிக்ஷா அச்சு முழுகப் போய்க்கொண்டிருந்தது.

அந்தத் தண்ணீரை அவளுக்குத் தெரியும். ஆம்புலன்ஸ் வர முடியாமல் நின்றது அந்தத் தண்ணீரில்தான். திதி பார்த்தது வீடு. கோப்பு பார்த்தது இங்கிலீஷ் தேதியை.

பத்து மணிக்குள் விழுவார். மணி ஒன்பதே முக்கால்.

லேப்டாப்பைத் திறந்தாள். விட்டுப்போன வருஷத்தை எழுதிப் பக்கத்தை மாற்றி ஏற்ற நேரமில்லை. அப்பாவின் கணக்குக்கு எதிரே 'நீக்கு' என்று ஒரு பொத்தான் இருந்தது.

"கை வைக்காதே, பிரபா."

அம்மா திரும்பவில்லை. கண் திரையிலேயே இருந்தது.

"இன்னிக்கு என்ன நாள்னு உனக்குத் தெரியுமாம்மா?"

"தெரியாம என்ன. அன்னிக்குக் கடைக்கு வர வழியில டாக்ஸியோட தண்ணில மாட்டிண்டு கரியாஹாட் முக்குல நின்னேன். நான் போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. இன்னிக்காவது கூட இருக்கேன். விடு."

திரையில் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். கீழ்த்தட்டு நனையாமல் இருக்க எண்ணெய் டின்னைத் தூக்கக் குனிந்தார். ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். கேமராவைப் பார்த்தார். இந்தமுறை பிரபா ஒதுங்க மறந்துபோனாள்.

அவளால் அதற்குமேல் பார்க்க முடியவில்லை. அழுத்திவிட்டாள்.

திரை ஒரு கணம் வெள்ளையாயிற்று. பிறகு காய்ந்த படிக்கட்டு தெரிந்தது. ஜெயந்த் கல்லாவில் உட்கார்ந்து யாருக்கோ கறிவேப்பிலை கிள்ளிக்கொண்டிருந்தான். வாசலில் வெயில் அடித்தது.

அம்மா சற்று நேரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்தாள். பிரபா கை நீட்டினாள், அம்மா பிடித்துக்கொள்ளவில்லை. சுவரைப் பற்றி எழுந்து, முழங்காலை இழுத்து இழுத்து நடந்து உள்ளறைக்குப் போய்விட்டாள்.