யேசடியான் துருத்தி அடித்த ஞாயிறு

நல்மேய்ப்பர் ஆலயத்தின் வரலாற்றை யார் சொன்னாலும், ஆர்கன் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்ததில்தான் தொடங்குவார்கள். அதற்கு முன்பே ஆலயம் இருந்தது என்பதை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆர்கனின் குழல்களுக்குக் காற்று வேண்டும். ஆதியில் அதற்குப் பின்னால் ஓர் ஆள் நின்று கைப்பிடியை அழுத்தி அழுத்தித் துருத்தி அடிப்பார். கடைசியாக அடித்தவர் யேசடியான். பிறகு மின்மோட்டார் வந்தது, அவர் வீட்டுக்குப் போனார், சில வருடங்களில் கல்லறைக்கும். கைப்பிடி மட்டும், கழற்றிப்போட யாருக்கும் தோன்றாததால், அங்கேயே நின்றது.

இந்த வரலாறெல்லாம் சத்தியதாசுக்கு மனப்பாடம். அவர்தான் ஆர்கன் வாசிப்பவர். அல்லது, அப்படிச் சபை நம்பியது. போன மழைக்காலத்தில் துருத்தியின் தோலைப் பெருச்சாளி தின்றுவிட்டது. வெளியே சொன்னால் கமிட்டி கூடும். தோல் தின்னப்படும்போது அவர் எங்கே இருந்தார் என்று கேட்கும். ஒரே ஒரு ஞாயிறு சமாளிக்கலாம் என்று தங்கை மகன் சிபியைக் கீபோர்டோடு குழல்களுக்குப் பின்னால் உட்காரவைத்துவிட்டு, தாம் முன்னால் அமர்ந்து ஊமைக் கட்டைகளின் மேல் விரல்களை ஓட்டினார். ஆராதனை முடிந்ததும் போதகர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, ஆர்கன் இத்தனை இனிமையாகக் கேட்டதேயில்லை என்றார். அதற்குமேல் உண்மையைச் சொல்வது போதகருக்கு மரியாதையாக இருக்காது என்று சத்தியதாசுக்குப் பட்டது.

இந்த ஏற்பாடு ஆலயப் பிரதிஷ்டை நாள்வரை ஓடியது. அன்று கடைசிப் பாட்டின் நடுவில் கரண்ட் போனது. விளக்குகள் அணைந்தன, மின்விசிறிகள் நின்றன, மைக் செத்தது. ஆர்கன் மட்டும் பாடிக்கொண்டிருந்தது.

பின்னால் எப்போதும் இருட்டு. சிபிக்குத் தெரிய வழியில்லை. அங்கே ப்ளக் பாயின்ட் இல்லாததால் கீபோர்டும் ஒலிபெருக்கியும் பேட்டரியில் ஓடின. சத்தியதாஸ் யோசித்தார். கையை எடுத்தால் ஆளில்லாத ஆர்கன். எடுக்காவிட்டால் கரண்ட் இல்லாத ஆர்கன். இரண்டாவதில் மானக்கேடு குறைவு என்று தோன்றியது. வாசித்தார்.

பாட்டு முடிந்தும் யாரும் உட்காரவில்லை. காற்று எங்கிருந்து வந்தது என்று போதகர் தழுதழுத்த குரலில் கேட்டார். பதிலாக ஒரு ஸ்தோத்திரம் எழுந்தது, பிறகு அழுகை. சத்தியதாஸ் தலையைக் குனிந்துகொண்டார். அதைத் தாழ்மை என்று எடுத்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் யேசடியானின் மனைவி ஞானபாய், முட்டுவலியோடு மாடிப்படி ஏறி ஆர்கனிடம் வந்தார். பின்னாலேயே போதகரும் பாதிச் சபையும்.

"மக்களே, எங்க வீட்டுக்காரருதான் வந்து அடிச்சாரு. அந்தக் கைப்பிடிய ஒருக்கா தொட்டுட்டுப் போறேன்."

குழல்களுக்குப் பின்னால் போகும் சின்னக் கதவைச் சத்தியதாஸ் மறைத்து நின்றார். உள்ளே தூசி என்றார், இருட்டு என்றார், பாம்புகூட இருக்கலாம் என்றார். கணவருக்குக் கஞ்சி கொண்டுவந்த கதவு அது. ஞானபாய் அவரை விலக்கித் தாழைத் திறந்து உள்ளே போனார். சத்தியதாஸ் கூடவே நுழைந்து கதவைச் சாத்தினார்.

சிபி நிமிர்ந்து சிரித்தான். "எப்படி மாமா, அடிபொளியா இருந்துல்லா?"

கீபோர்டில் ஒரு சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் கிழிந்த துருத்தியை ஞானபாய் பார்த்தார்.

"துருத்தி போச்சு பெரியம்மே," என்றார் சத்தியதாஸ்.

கன்னத்தில் ஓர் அறை கிடைத்திருந்தால் நன்றி சொல்லியிருப்பார். கிடைக்கவில்லை. ஞானபாய் கைப்பிடியில் படிந்திருந்த ஒட்டடையை முந்தானையால் துடைத்தார். அடி முதல் நுனி வரை, நிதானமாக. பிறகு வெளியே வந்து, கதவைத் தம் முதுகால் மூடிக்கொண்டு நின்றார். உள்ளே என்ன என்று போதகர் கேட்டார்.

"கைப்பிடி இப்பவும் சூடாத்தான் கெடக்கு."

படிக்கட்டு முழுக்க ஸ்தோத்திரம் இறங்கியது. நீங்களும் தொட்டீர்களா என்று போதகர் சத்தியதாசிடம் திரும்பினார். அன்று சபையார் அவரிடம் நேராகக் கேட்ட ஒரே கேள்வி அது.

"தொட்டேன்," என்றார்.

ஞானபாய் இறங்கத் தொடங்கினார். முதல் படியிலேயே முட்டு மடங்கியது. சத்தியதாஸ் கையை நீட்டினார். அந்த அம்மாள் அதைப் பார்த்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.